தீவோரக் கடலடிப் பயணம்: ஒரு மதிப்பீடு

தீவையொட்டி ஒரே நாளில் இரண்டு முறை ஸ்கூபா டைவிங் அழைத்துச் சென்ற இப்பயணத்தில், 12 மீட்டர் ஆழத்தில் கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறிக்கும் ஓசை தெளிவாகக் கேட்ட அந்தச் சில நிமிடங்களுக்காகவே மீண்டும் செல்வேன். கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடலுயிரியின் கொட்டும் இழைகளுக்குள் ஒரு கோமாளி மீன் புகுந்து புகுந்து வெளிவந்தது. ஆழத்தில் சிவப்பு மங்கிவிடுவதால், வழிகாட்டி டார்ச் ஒளியைப் பாய்ச்சியபோதுதான் அதன் உண்மையான நிறம் தெரிந்தது. எதையும் தொடக்கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மேலேறும்போது, உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தினார். ஆனால், எனக்குத் தந்த முகக்கண்ணாடியில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. அதே நைட்ரஜன் காரணமாக, பலமுறை மூழ்கியபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது என்பதையும், கரை திரும்பும்போது அல்ல, முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும்.