சக்கர நாற்காலிப் படத்தை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்

வெளியூர்ப் பேருந்துக்கு இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது வண்டியின் பெயருக்குப் பக்கத்தில் நீல நிறச் சக்கர நாற்காலிப் படம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்த வண்டியைக் கட்டும்போது, ஆளை நாற்காலியோடு உள்ளே ஏற்றும் லிஃப்ட் வைத்துக் கட்டினார்கள் என்பதற்கு மேல் அந்தப் படத்துக்குப் பொருள் கிடையாது. அதை நம்பி நானும் அக்காவும் ராத்திரி பேருந்து நிலையத்தில் நின்றோம். வண்டி எங்களை விட்டுவிட்டுப் போனது, பணமும் போனது. வண்டி போனதைவிடப் பணம் போன விதம்தான் மோசம், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மோட்டார் சக்கர நாற்காலியில் இருப்பவன். அக்காவுக்குப் பார்வை மிகக் குறைவு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே வித்தை இன்னும் பல இடங்களில் நடக்கிறது. டிக்கெட் எடுத்ததும் அவர்களுடைய உதவி எண்ணுக்குப் பேசினேன். “லிஃப்ட் இருக்கு சார், நீங்க வந்தா போதும், ஒரு பிரச்சினையும் இல்ல” என்றார்கள். உறுதி செய்து குறுஞ்செய்தியும் வந்தது.

வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கி என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், உதவியாளரைக் கூப்பிட்டார். லிஃப்டின் ரிமோட் எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் வந்தது அந்த வழக்கமான யோசனை. “தம்பி, நாங்க ரெண்டு பேர் இருக்கோம். அலாக்கா தூக்கி சீட்டுல உட்கார வெச்சிடுறோம். நாற்காலியைக் கீழ சாமான் வைக்கிற இடத்துல போட்டுக்கலாம்.”

நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதற்குச் சம்மதிக்காதீர்கள். பேட்டரியோடு சேர்த்து என் நாற்காலி நூறு கிலோவைத் தாண்டும். தூக்குகிறவர்கள் பிடிப்பது பெரும்பாலும் கை வைக்கும் பகுதியை அல்லது கால் தாங்கியைத்தான். இரண்டுமே கழற்றி மாட்டும்படி செய்யப்பட்டவை, பாதித் தூக்கலில் கையோடு வந்துவிடும். ஆளைத் தனியாகத் தூக்கினாலும் குறுகலான படிக்கட்டில் திரும்ப இடம் இருக்காது. மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியைப் படுக்கப் போட்டால், இறங்கும் ஊரில் அது ஓடுமா என்பது நம் கையில் இல்லை.

“உள்ளே நாற்காலி நிற்கிற இடமாவது இருக்கா அண்ணே, பார்த்துச் சொல்லுங்க” என்று அக்கா கேட்டாள். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. இடம் இருக்கவேண்டிய பகுதியில் இருக்கைகள் போட்டு, அவற்றில் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாறாமல் தப்பிக்கலாம். பல வெளியூர்ப் பேருந்துகளில் இருக்கைகள் தரையில் ஓடும் தண்டவாளம் போன்ற பட்டைகளில் பூட்டப்பட்டிருக்கும். சக்கர நாற்காலிப் பயணி வருகிறார் என்றால் பணிமனையிலேயே சிலவற்றைக் கழற்றி இடம் செய்து, நாற்காலியைத் தரையோடு கட்டும் பட்டைகளையும் வைத்து அனுப்ப வேண்டும். முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்பது இதற்காகத்தான். நான் சொன்னேன், அவர்களும் சரி என்றார்கள். ஆனால் அந்தத் தகவல் பணிமனைக்குப் போகவே இல்லை. போதாததற்கு அந்த இடத்தையும் இருக்கைகளாக விற்றிருக்கிறார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு வியாபாரம்.

எனவே “லிஃப்ட் இருக்கிறதா” என்று கேட்பதில் பயன் இல்லை, அதற்கு எப்போதும் ஆமாம் என்றுதான் பதில் வரும். “இருக்கைகளைக் கழற்றியாயிற்றா? யார் கழற்றினார்கள்? வண்டி எண் என்ன?” என்று முந்தின நாள் கேளுங்கள். தடுமாற்றம் எதிர்முனையில் உடனே தெரிந்துவிடும்.

“லிஃப்ட் வேலை செய்யவில்லை” என்று சொன்னாலும் உடனே விட்டுவிட வேண்டாம். பல லிஃப்டுகள் கைப்பிரேக் போடாமல் அசையாது, அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. ஓட்டுநருக்கு அது தெரியாவிட்டால் பழுது என்று நினைத்துக்கொள்வார். மின்சாரம் வராவிட்டால் கையால் பம்ப் அடித்து ஏற்றி இறக்கும் வழியும் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் அப்படி ஒரு மாற்று வழி வைத்தே ஆகவேண்டும் என்று விதியே உண்டு.

சரி, பணத்துக்கு வருகிறேன். வண்டி கிளம்பிய பிறகு திரும்பக் கேட்டேன். ‘பயணி வரவில்லை’ என்று அவர்களுடைய கணக்கில் பதிந்திருந்தார்கள். வராத பயணிக்குப் பணம் கிடையாது என்பது நிபந்தனை. வண்டியின் கதவுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த நான் வரவே இல்லையாம்! குறுஞ்செய்தியைக் காட்டியதும் கதை மாறியது. “ஊழியர்கள் உதவ முன்வந்தும் பயணி ஏற மறுத்துவிட்டார்” என்றார்கள். தூக்கச் சம்மதிக்காததற்கு இப்படி ஒரு விளக்கம்.

இந்த இடத்தில்தான் எழுத்து வேண்டும். வண்டி நிற்கும்போதே அதன் எண், மூடியிருக்கும் லிஃப்ட், உள்ளே நிரம்பிய இருக்கைகள், பக்கத்தில் நீங்கள் என எல்லாம் தெரிய நேரத்தோடு படம் எடுங்கள். வண்டி கிளம்பும் முன்பே உதவி எண்ணுக்கு “நான் வாசலில் இருக்கிறேன், ஏற்றவில்லை” என்று செய்தி அனுப்புங்கள். வாய்ப்பேச்சு எதுவும் பிறகு நிற்காது. ஏற்றாத காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். இது புதிதாக நான் கிளப்பும் கோரிக்கை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேருந்துப் பயணிகள் உரிமை விதி, 2011-இல் வந்தது, இதையே சொல்கிறது: ஏற்ற மறுத்தால் காரணத்தை உடனே சொல்ல வேண்டும், பயணி கேட்டால் 5 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். 250 கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தடங்களில் பயணி 36 மணி நேரம் முன்னால் சொன்னால் உதவி செய்தாக வேண்டும். அமெரிக்க நகரப் பேருந்துகளிலோ, லிஃப்ட் பழுதாகி, லிஃப்ட் வேலை செய்யும் அடுத்த வண்டி வர 30 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் மாற்று வண்டி ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. உங்கள் ஊரில் என்ன சட்டம் இருக்கிறதோ அதன் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதிலின் தொனியே மாறும்.

நகரப் பேருந்தில் கதை கொஞ்சம் வேறு. தாழ்தளப் பேருந்தில் லிஃப்டுக்குப் பதில் சாய்தளம் இருக்கும். வண்டியே காற்றை இறக்கிவிட்டு வாசல் பக்கமாகத் தாழும். ஆனால் ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்தாமல் சாலை நடுவில் நிறுத்தினால் அத்தனையும் வீண். ஐ.நா.வின் 107-ஆம் எண் பேருந்து விதிப்படி, 15 செ.மீ. உயர நடைமேடையில் சாய்தளத்தை வைத்தால் சரிவு 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தரையில் வைத்தால் 36 சதவீதம் வரை போகலாம். அந்தச் சரிவில் யாரும் தள்ளிவிடாமல் தனியாக ஏறுவது நடக்காத காரியம். வண்டியை ஒட்டி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அக்காவுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், அது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அவர்களுடைய செயலியில் இருக்கைப் படத்தை, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வெறும் “பொத்தான், பொத்தான்” என்றுதான் படித்தது. வேறு வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தபோது நிறுத்தம் சொல்லும் ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருந்தார்கள், பயணிகளின் தூக்கம் கெடுகிறதாம். அறிவிப்பு வேண்டுமென்று ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவது நல்லது. காது கேளாதவர்களுக்கு நேர்மாறான ஆபத்து: நடைமேடை மாறியதை வாயால் மட்டும் கத்திவிட்டுப் போவார்கள். காது கேளாதவர்கள் ஊழியரிடம் போனில் தட்டச்சு செய்து காட்டி, எந்த நடைமேடை என்று உறுதிப்படுத்திக்கொள்வது உத்தமம்.

கடைசியில் எனக்கு வந்தது ஒரு கூப்பன், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி. அதில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பொத்தானுக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில், இத்துடன் புகார் முடித்துவைக்கப்படும் என்று இருந்தது. அதை அழுத்தாமல் விட்டுவிட்டு, பணம் கட்டிய வங்கி அட்டை வழியாக ஆட்சேபம் பதிந்திருக்கிறேன். சேவை தராமல் பணம் எடுத்தால் வங்கியிடம் அப்படிக் கேட்க வழி உண்டு. அதற்குக் கால வரம்பும் உண்டு, நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். எடுத்த படங்களும் அந்தக் குறுஞ்செய்தியும் இப்போது வங்கியிடம் இருக்கின்றன.