"எல்லா பிரின்டருக்கும் ஒரே இங்க்தான் அக்கா" – நம்பினேன், ஒரு முழு பிரின்டர் போச்சு

இன்று மதியம்தான் சர்வீஸ்காரர் வந்து பிரின்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹெட் போச்சுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனார். ஹெட் என்றால் பேப்பரின் மேல் இங்க்கைத் தெளிக்கும் பாகம். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று வைத்தால் நான் எழுதவே மாட்டேன். அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். இங்க்ஜெட் கார்ட்ரிஜில் ரீஃபில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். எதையெல்லாம் பார்த்துப் போட வேண்டும் என்று முடிவில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் வீட்டில் ட்யூஷன் எடுப்பவள். வாரா வாரம் வினாத்தாள் அடிக்க வேண்டும். என்னுடையது கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு கார்ட்ரிஜ் தனித்தனியாகப் போடும் பிரின்டர். வாங்கும்போது மலிவாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு முறை கார்ட்ரிஜ் தீரும்போதும்தான் வயிறு எரிந்தது. நாலையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பிரின்டர் விலையில் பாதியைத் தொட்டுவிடும். இது எனக்கு மட்டும் உள்ள வயிற்றெரிச்சல் இல்லை என்பது இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அப்படித்தான் ரீஃபில் மட்டுமே செய்யும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே ஒரு தம்பி. வாய் நிறைய "அக்கா". கார்ட்ரிஜை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான், நகத்தால் லேபிளின் ஓரத்தை நெம்பினான், உள்ளே இருந்த சின்ன ஓட்டையில் சிரிஞ்சு ஊசியை இறக்கினான். அமுக்குகிறானா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக இறங்கியது. "வேகமா ஏத்தினா காத்துக் குமிழ் மாட்டிக்கும் அக்கா. ஸ்பாஞ்சு நிதானமா குடிக்கணும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே நிறுத்தினான். "இதுக்கு மேல ஒரு சொட்டு போட்டாலும் ஒழுகும். காசுக்காக நான் அதிகமா ஏத்த மாட்டேன்." பிறகு டிஷ்யூ பேப்பரை மடித்து இங்க் வெளியே வரும் வாயில் ஒற்றி எடுத்துக் காட்டினான். ஒரு கறுப்புப் பொட்டு, வட்டமாக, சுத்தமாக.

அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு பதமாகக் கை வைக்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அவன் வேலையில் குறை இல்லை, ஸ்பாஞ்சைப் பற்றியும் குமிழைப் பற்றியும் சொன்னதெல்லாம் சரிதான். பாட்டிலுக்குள் இருந்ததுதான் தப்பு.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இது என் பிரின்டருக்கு உண்டான இங்க்தானே தம்பி?" பாட்டிலில் 'யுனிவர்சல்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைத் தட்டிக் காட்டி, "எல்லா பிரின்டருக்கும் ஒரே இங்க்தான் அக்கா, கம்பெனிக்காரன் ஸ்டிக்கர்தான் வேற வேற" என்றான். தலையாட்டினேன். கடைசியில் கார்ட்ரிஜின் சிப்பில் ஒரு குட்டிக் கருவியை அழுத்தினான், விளக்கு எரிந்தது. "இனிமே திரையில ஃபுல்னு காட்டும்." காட்டியது. அந்தச் சிப் இங்க்கை அளந்து பார்ப்பதே இல்லை, எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குத்தான் வைக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. கணக்கைப் பூஜ்யமாக்கினால் காலி டப்பாகூட நிறைகுடம்தான்.

முதல் இரண்டு வாரம் பிரச்சினை இல்லை. எழுத்தின் ஓரம் கொஞ்சம் பிசிறாகத் தெரிந்தது, பேப்பர் சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் ஒரு பையன் வியர்வைக் கையோடு வினாத்தாளைப் பிடித்தான், மூன்றாவது கேள்வி அவன் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி பழைய வினாத்தாள் ஒன்றையும் புது வினாத்தாள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பழையது அசையவில்லை. புதியதில் கறுப்பு எழுத்து கரைந்து, ஊதா நிறத்தில் வளையமாகப் பரவியது.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். பல பிரின்டர்களைப் போல என்னுடையதிலும் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க், மற்ற மூன்றும் டை இங்க். டை என்பது தண்ணீரில் கரைந்த சாயம், பேப்பர் நாருக்குள் ஊறிப் போகும். பிக்மென்ட் கரையாது. மிக நுண்ணிய நிறத்தூளாகத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும், பேப்பரின் மேலேயே படிந்து காயும். அதனால்தான் எழுத்து கூர்மையாக இருக்கும், தண்ணீர் பட்டாலும் நிற்கும். இந்தத் தம்பி என் பிக்மென்ட் கறுப்பின் மிச்சத்தின் மேலேயே டை கறுப்பை ஏற்றிவிட்டான். இரண்டும் கலந்தால் தூள் மிதப்பதை விட்டுவிட்டுக் கட்டி தட்டலாம். ஹெட்டில் இங்க் வெளியே வரும் துளை தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. துளி எவ்வளவு சிறிது என்றால், ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பிகோலிட்டர், அப்படிச் சில பிகோலிட்டர்தான் ஒரு துளி. அந்த வழியில் கட்டி போனால் என்ன ஆகும்?

என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கறுப்பில் வெள்ளைக் கோடுகள். துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாளை அடித்தால் படிக்கட்டு மாதிரி வர வேண்டிய கோட்டில் பாதிப் படிகளைக் காணோம்.

போன் செய்தேன். "ஹெட் கிளீனிங் போடுங்க அக்கா, சரியாயிடும்." போட்டேன். சரியாகவில்லை. "இன்னும் ரெண்டு தடவை போடுங்க." போட்டேன். இப்படி ஏழெட்டு முறை. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் கறுப்பு மட்டும் இல்லை, நாலு கலரையும் உறிஞ்சித் துப்புகிறது என்பதை அவன் சொல்லவில்லை. கலர் மூன்றும் தீர்ந்தன. திரையில் மட்டும் இன்னும் முக்கால்வாசி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது, சிப் கணக்கின் லட்சணம் அது. காற்றை இழுத்து இழுத்துக் கலர் ஹெட்டும் கெட்டது.

பிரின்டரையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அப்போதே 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது. "ஸ்பெஷல் சொல்யூஷன் போட்டு எடுக்கணும் மேடம், அதுக்குத் தனி சார்ஜ்." கொடுத்தேன். மறுபடி ரீஃபில், மறுபடி காசு. ஒரு வாரம்கூட ஓடவில்லை. அடுத்த தடவை, "உங்க பிரின்டர் பழசு மேடம், ஹெட் ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கும்" என்றான். அதற்கடுத்த தடவை உள்ளேயிருந்து முதலாளி வந்தார். "ரீஃபில் போட்டாலே ரிஸ்க்தான்னு உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதானே வந்தீங்க?" அதன் பிறகு போன் எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது அதே தம்பிதான் எடுத்தான். "யாருங்க நீங்க?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கம்பெனி கார்ட்ரிஜ் விற்கிறவர்கள் இந்தப் பதிவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ரீஃபில் என்பது திருட்டு வேலை இல்லை. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம் லேசர் பிரின்டர் டோனர் கார்ட்ரிஜ்களை நிரப்பி விற்றவர்கள் மேல் போட்ட வழக்கில், ஒருமுறை விற்ற பொருளின் மேல் காப்புரிமையைக் காட்டி அதிகாரம் செய்ய முடியாது என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. என் காசு, என் கார்ட்ரிஜ், என்ன இங்க் வேண்டுமானாலும் ஊற்றுவேன். என் சண்டை ரீஃபிலோடு இல்லை. எந்த இங்க் என்று கேட்டதற்குப் பொய் சொன்னானே, அதோடுதான்.

சர்வீஸ்காரர் இன்று பிரின்டரின் அடியில் இருந்த பஞ்சை எடுத்துக் காட்டினார். கிளீனிங்கில் துப்பும் இங்க் எல்லாம் அதில்தான் போய்ச் சேருமாம். கறுத்து, ஊறி, கனத்துக் கிடந்தது. இரண்டு தடவை ரீஃபிலுக்குக் கொடுத்த காசில் பாதி அந்தப் பஞ்சில் இருந்தது. ஹெட் மாற்ற எவ்வளவு என்று கேட்டேன். "அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். ஆக, மிச்சம் பிடிக்க நினைத்தது ஒரு செட் கார்ட்ரிஜ் காசு. போனது ஒரு முழு பிரின்டர். ரீஃபில் இரண்டு முறை, சொல்யூஷன் ஒரு முறை, சர்வீஸ்காரர் வந்துபோன கூலி எல்லாம் தனி. ஒரு முழு பிரின்டர்! கேட்ட கேள்விக்கு "தெரியாது அக்கா" என்று சொல்லியிருந்தால்கூட நான் திரும்பி வந்திருப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடை நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் அனுப்புவது போல. "அக்கா, அண்ணா, செகண்ட் ஹேண்ட் பிரின்டர் நல்ல கண்டிஷனில் கிடைக்கும்." மறுபடி அக்கா ஆகிவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். உங்கள் பிரின்டரில் ஹெட் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கார்ட்ரிஜோடு சேர்ந்தே வரும் மாடல் என்றால் கெட்டாலும் பெரும்பாலும் ஒரு கார்ட்ரிஜோடு நஷ்டம் முடியும். ஹெட் பிரின்டரிலேயே இருந்தால் என் கதைதான். கறுப்பு டையா, பிக்மென்டா என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாத கடையில் ஊசி போட விடாதீர்கள். அவர்கள் அடித்த தாள் ஒன்றை வாங்கிக் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரைந்தால் உங்கள் பிக்மென்ட் கார்ட்ரிஜுக்கு அந்த இங்க் ஆகாது. என்ன வகை இங்க் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், நான் பில்லே வாங்கவில்லை. இரண்டு மூன்று கிளீனிங்கில் சரியாகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ரெண்டு தடவை" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

நாளைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு. வினாத்தாளைக் கையால் எழுத உட்காருகிறேன்.