எஃப்ஆர்ஆர்: கிளைகளை இணைக்க ஓசியில் கிடைக்கும் ரவுட்டர்

நான் வேலை பார்ப்பது ஒரு மருந்துக்கடை நிறுவனத்தில். தலைமை அலுவலகம் கோவையில். ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலை என்று கிளைகள். எல்லாக் கடை பில்லிங்கும் வயர்கார்டு விபிஎன் (இணையத்துக்குள்ளேயே போடும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை, அதாவது டனல்) வழியாகக் கோவைக்கு வரும். கிளைகள் வந்து சேரும் மையம், அதாவது ஹப், அதுதான். கோவை படுத்துவிட்டால் கிளவுடில் இரண்டாவது ஹப். எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வது எஃப்ஆர்ஆர். குவாகா என்ற பழைய ரவுட்டிங் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த திறமூல மென்பொருள், லினக்ஸில் ஓடும்.

கையால் எழுதி வைக்கும் நிலையான பாதை, அதாவது ஸ்டாட்டிக் ரூட், போதாதா? போதாது. எதிர்முனை செத்துக் கிடந்தாலும் வயர்கார்டு இன்டர்ஃபேஸ் 'அப்' என்றேதான் காட்டும். ரூட் அசையாது, பாக்கெட் போன இடம் தெரியாது. ரவுட்டர்கள் தங்களுக்குள் ரூட்களைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபி ஓடினால் எதிர்முனையிலிருந்து சத்தம் இல்லை என்றதும் ரூட்டை எடுத்துவிடும். சத்தத்துக்காகக் காத்திருக்கும் நேரம்தான் ஹோல்ட் டைம். இயல்பாக அது 180 விநாடி. கவுன்டரில் ஆள் நிற்கும்போது அது ரொம்ப அதிகம். கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் இடைவெளி) 10, ஹோல்ட் 30 என்று வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 'பிஜிபி லிசன் ரேஞ்ச்'. டனல் முகவரி வரம்பை ஹப்பில் ஒரே வரியில் எழுதிவிட்டால், அதற்குள்ளிருந்து எந்தக் கிளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். புதுக் கடை திறந்தால் ஹப்பின் பிஜிபியைத் தொடவே வேண்டாம். இயல்பான வரம்பு 100 கிளை. அதற்கு மேல் வேண்டுமென்றால் லிமிட்டை உயர்த்திக்கொள்ளலாம். கிளைகளுக்கு ஊர்ப்பட்ட ரூட்டெல்லாம் அனுப்புவதில்லை. 10.0.0.0/8 (10-இல் தொடங்கும் முகவரிகள் அனைத்தும்) ஒன்றுதான், இரண்டு ஹப்பிலிருந்தும். கிளையில் கோவைக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் (பெரிய எண்ணுக்கே முன்னுரிமை) 200, கிளவுடுக்கு 100. அவ்வளவுதான் டிசைன்.

சலிப்பூட்டும் இடமும் உண்டு. ஈபிஜிபியில் (இரு முனைக்கும் வெவ்வேறு ஏஎஸ் எண் இருக்கும் பிஜிபி) உள்ளே, வெளியே இரண்டுக்கும் எந்த ரூட்டை விடலாம் என்று சொல்லும் ரூட்-மேப் போன்ற வடிகட்டி எழுதாவிட்டால் ஒரு ரூட்கூட நகராது. பிஜிபி நிலவரம் காட்டும் சம்மரியில் ரூட் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் 'பாலிசி' என்று நிற்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் புதியவர்கள் முழிப்பார்கள்.

இன்னொன்று வயர்கார்டின் குணம். ஒரே இன்டர்ஃபேஸில் எல்லாக் கிளையையும் போட்டால், பிஜிபி கற்றுக்கொண்ட ரூட்டாகவே இருந்தாலும் 'அலவ்ட் ஐபி'யில் (அந்தக் கிளைக்கு அனுமதித்த முகவரிப் பட்டியல்) இல்லாததை அது கீழே போட்டுவிடும். அதனால் கிளைக்கு ஓர் இன்டர்ஃபேஸ், அலவ்ட் ஐபி 0.0.0.0/0 (எல்லா முகவரியும்), வயர்கார்டு தானாக ரூட் போடாமலிருக்க 'டேபிள் ஆஃப்'. இதை எஃப்ஆர்ஆர் கணக்கில் எழுத முடியாது.

சிஸ்கோ ரவுட்டர் கட்டளை பழகியவர்களுக்கு எஃப்ஆர்ஆரின் கட்டளைத் திரையான விடிஒய்எஸ்எச் அன்றைக்கே கைவந்துவிடும். மவுஸால் கிளிக் செய்தே பழகியவர்களுக்கு இது வேண்டாம். நிறுவியதும், எந்தெந்தச் சேவை ஓட வேண்டும் என்று சொல்லும் டீமன்ஸ் கோப்பைத் திறந்து, பிஜிபி சேவையான பிஜிபிடியை 'யெஸ்' ஆக்கிவிடுங்கள். இயல்பாக அது அணைந்துதான் இருக்கும்.