ஆட்ட வேண்டிய பாட்டிலா, ஆட்ட வேண்டாத பாட்டிலா?

எழும்பூர் கண்ணாஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. அங்கே பெஞ்சில் குழந்தையோடு காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "உங்களுக்கு எந்த சொட்டு மருந்து எழுதியிருக்காங்க?" என்பதில்தான் போய் நிற்கும். என் இரண்டு வயது மகளுக்குக் கண்புரை எடுத்த பிறகு நானும் அதையே கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

கண்புரை எடுத்த பிறகு வீக்கத்தை அடக்க விடுகிற ஸ்டீராய்டு சொட்டு, பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு சடங்கு. குழந்தையின் கண் வேறு. கத்தி பட்டதும் சீறிவிடும். உள்ளே ஒட்டடை போல ஃபைப்ரின் என்ற புரத நார் படியும், கண்மணியின் (கண்ணின் நடுத் துளை) விளிம்பு பின்னால் இருக்கும் லென்ஸோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு.

பழைய கை, பிரெட்னிசோலோன் அசிடேட் 1%. பல வருடம் பார்த்துப் பழகிய மருந்து. ஆனால் தண்ணீரில் கரையாது, பொடியாக மிதக்கும். பாட்டிலை நிற்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆட்டாமல் விட்டால் ஆரம்ப நாட்களில் தண்ணி மருந்து, தீரும்போது கெட்டி மருந்து. அதாவது கண் அதிகமாகச் சிவந்திருக்கும்போது குறைவாகப் போகும். முதல் வாரத்தில் அடிக்கடி விடச் சொல்வார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட, பகலில் விட்டது என் அம்மா. மூன்றாம் நாள் பார்த்தேன்: குழந்தை அழுகிற அவசரத்தில் மூடியைத் திறந்து நேராகக் கண்ணில். "ஆட்டணுமாடா? மேலே ஒண்ணும் எழுதலையே" என்றார். எழுதித்தான் இருந்தது, ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்.

எதிர்ப்பக்கம் டைஃப்ளுபிரெட்னேட் 0.05%. இது பால்மம், எண்ணெயும் தண்ணீரும் பால் போலக் கலந்தது, ஆட்டவே வேண்டாம். முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் ஒரே அளவு. வீரியமும் கூடுதல், ஒரு நாளைக்கு நான்கு முறை என்பதே வழக்கம். அப்படியென்றால் இதுதானே ஜெயிக்கணும்? அங்கேதான் சிக்கல். எந்த ஸ்டீராய்டு சொட்டும் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். குழந்தைகளிடம் அது சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஏறலாம். வீரியம் கூடினால் அந்தப் பயமும் கூடும். வலிக்கிறது என்று இரண்டு வயதுக் குழந்தை சொல்லப் போவதில்லை. மூன்று வயது வரையிலான 79 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாதுகாப்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் அழுத்தம் பார்க்க வரச் சொன்ன தேதியைத் தள்ளிப்போடுகிற வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. டெக்ஸாமெத்தசோன் 0.1% நன்றாகவே கேட்கும், அழுத்தத்தையும் ஏற்றும். லோட்டிபிரெட்னால் 0.5% வேலை முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே சிதைந்துவிடும் ரகம், அழுத்தத்துக்குச் சாது. குழந்தைகளிடம் பிரெட்னிசோலோனோடு மோத விட்டபோதும் பின்தங்கவில்லை.

பெயர் மயக்கம் ஒன்று. தெருமுனை மெடிக்கலில், "அசிடேட் இல்ல சார், பாஸ்பேட் இருக்கு, ரெண்டும் பிரெட்னிசோலோன்தான்" என்று கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒரு பாட்டிலை நீட்டினார்கள். பாஸ்பேட் தண்ணீரில் கரையும், அதனால் தெளிவாக இருக்கும். கருவிழியைத் தாண்டி உள்ளே போவதில் அசிடேட்தான் மேல். வாங்காமல் அடுத்த கடைக்கு நடந்தேன். டாக்டரைக் கேட்காமல் மாற்றுகிற சமாச்சாரம் இல்லை இது.

எதுவானாலும் சொட்டு விட்டதும் மூக்கோரம் கண்முனையை ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடிக்கணும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். பத்துக் கிலோ உடம்புக்கு அது சின்ன விஷயம் இல்லை. கண் வெளுத்துவிட்டதே என்று சட்டென்று நிறுத்தவும் கூடாது, வீக்கம் திரும்பி வரும். டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்கணும்.

என் கணக்கு இதுதான்: பகலில் ஒரே ஆள், பொறுமையான ஆள் என்றால் பிரெட்னிசோலோன். பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று கை மாறுகிற வீடு, ஆனால் செக்கப் தவறாது என்றால் டைஃப்ளுபிரெட்னேட்டைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் மாற்றவில்லை. பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, "நல்லா ஆட்டு" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இப்போது அம்மா ஆட்டுகிற ஆட்டில் வளையல் சத்தம் கேட்டாலே என் மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள்.