மேட்டுப்பாதையா, அலையோரமா? குளிர்காலக் கடலோர நடைக்கு எது சரி

மீனவர் ஊர்களைத் தொட்டுத் தொட்டுக் கடலோரம் நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்: பாறைமேட்டின் விளிம்பையொட்டிய பாதை, கீழே அலையோர மணல். தார்ச்சாலையும் உண்டு, வழி மூடிக்கிடந்தால் தவிர அதை நினைக்க வேண்டாம்.

மேட்டுப்பாதையில் நேரத்தைத் தின்பது ஏற்றங்கள். ஓடை கடலில் சேரும் இடுக்குகளில்தான் பல மீனவர் ஊர்கள் இருக்கும். ஊருக்கு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். சமதளத்துக்கு மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி என்று கணக்கிடுங்கள். 15 கி.மீ. பாதையில் 60 மீட்டர் ஏற்றம் பத்து வந்தால் 3 மணி நேர நடை 4 ஆகும். சேறு இருந்தால் இன்னும் இழுக்கும். குளிரும் இங்கேதான் அதிகம். 5 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகக் காற்று அடித்தால், உடம்புக்கு அது 0 டிகிரி.

மணல்வழி சுகம்தான், ஈரமணல் இறுகிக் கிடக்கும்வரை. கடல் ஏறினால் உலர்ந்த மணலுக்கு ஒதுங்க வேண்டும். அங்கே நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். இன்னும் ஏறினால் பாறையடிக்குத் தள்ளப்படுவீர்கள். மழையும் உறைபனியும் தளர்த்திய கற்கள் விழுவது அங்கேதான்.

நாளுக்கு இருமுறை ஓதம் (கடல்மட்டம் உயர்ந்து தாழ்வது) ஏறும் கரைகளில், வற்றம் (கடல் முழுதும் உள்வாங்கிய நிலை) முடிந்து முழு ஏற்றத்துக்குச் சுமார் 6 மணி 12 நிமிடம். ஆனால் தண்ணீர் சீராக ஏறாது: முதல் 2 மணி நேரத்தில் கால் பங்கு, அடுத்த 2 மணி நேரத்திலேயே பாதி. முதல் மணி நேரத்தைப் பார்த்து ‘மெதுவாகத்தானே ஏறுகிறது’ என்று நம்புகிறவர்தான் முனை திரும்பும் இடத்தில் மாட்டிக்கொள்வார். வற்றத்துக்கு 2 மணி நேரம் முன்பு இறங்கி, வற்றம் கழிந்து 1 மணி நேரத்துக்குள் மேலேறிவிடுங்கள். காற்றழுத்தம் 10 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 10 செ.மீ. உயரும், ஓத அட்டவணையில் அது இருக்காது.

இன்னொன்று: கடல் அதிகம் உள்வாங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. அந்நாட்களின் வற்றம் ஒரே கரையில் எப்போதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும். அது விடியலிலும் அந்தியிலும் விழும் கரையென்றால், குறுகிய குளிர்காலப் பகலில் மணல்வழியை மறந்துவிடுங்கள்.

எங்கள் ஓட்டு மேட்டுப்பாதைக்கே. ஒரே விதிவிலக்கு, நிலத்திலிருந்து கடலை நோக்கிப் பலத்த காற்று வீசும் நாள். மேலே அது ஆளை விளிம்புக்குத் தள்ளும். கீழே பாறையே காற்றை மறைக்கும். வற்றம் நண்பகலில் விழுந்தால் அன்று மணல்தான்.

எந்த வழியில் வந்தாலும் ஊருக்குள் படகு ஏற்றும் சரிவில் பச்சைப்பாசி படிந்த கீழ்ப்பகுதியை மிதிக்காதீர்கள். படகை இழுக்கும்போது வடத்தைத் தாண்டாதீர்கள். அறுந்தால் சாட்டையாக வீசும்.