ஈருறுப்பா, பாய்சானா, இயல்நிலையா: எந்தக் கணக்குக்கு எது?

நிகழ்தகவுப் பாடத்தில் மாணவர்கள் திணறுவது சூத்திரத்தில் அல்ல. மதிப்புகளைப் பிரதியிட்டு விடை காணத் தெரிந்தவர்கூட, கேள்வியைப் படித்ததும் எந்தப் பரவலை, அதாவது ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு நிகழ்தகவு என்று சொல்லும் எந்தக் கணக்கு முறையை, எடுப்பது என்று விழிக்கிறார். ‘அச்சுப்பிழை’, ‘விபத்து’ என்று வந்தால் பாய்சான், ‘நாணயம்’ என்றால் ஈருறுப்பு, ‘உயரம்’, ‘மதிப்பெண்’ என்றால் இயல்நிலை என்று சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊகிப்பவர்களே அதிகம். தேர்வில் இந்த ஊகம் பெரும்பாலும் பலித்தும்விடுகிறது. தொல்லையே அதுதான்.

ஒரே கணக்கை மூன்றிலும் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொழிற்சாலையில் தயாராகும் பல்புகளில் 2 சதவீதம் பழுதானவை. 100 பல்புகள் கொண்ட பெட்டியில் எத்தனை பழுது இருக்கும்? ஈருறுப்புக்கு முயற்சிகள் 100, நிகழ்தகவு 0.02. பாய்சானுக்குச் சராசரி 2 மட்டும் போதும். இயல்நிலைக்குச் சராசரி 2, திட்ட விலக்கம் 1.4, எண்ணிக்கையைத் தொடர் அளவாக மாற்றுவதால் இருபுறமும் அரை எண் தள்ளி (2 என்றால் 1.5 முதல் 2.5 வரை) கணக்கிட வேண்டும்.

| பழுதுகள் | ஈருறுப்பு | பாய்சான் | இயல்நிலை |
|---|---|---|---|
| 0 | 0.1326 | 0.1353 | 0.1049 |
| 1 | 0.2707 | 0.2707 | 0.2185 |
| 2 | 0.2734 | 0.2707 | 0.2790 |
| 3 | 0.1823 | 0.1804 | 0.2185 |
| 4 அல்லது அதற்கு மேல் | 0.1410 | 0.1429 | 0.1420 |
| 7 அல்லது அதற்கு மேல் | 0.0041 | 0.0045 | 0.0007 |

சரியான விடை ஈருறுப்பின் நிரல்தான். முயற்சிகளின் எண்ணிக்கை முன்பே தெரியும், ஒவ்வொன்றுக்கும் இரண்டே முடிவுகள், நிகழ்தகவு மாறுவதில்லை, ஒன்றின் முடிவு மற்றொன்றைப் பாதிப்பதில்லை. கடைசி நிபந்தனையைத்தான் எல்லாரும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். ஓர் இயந்திரம் கெட்டு, அடுத்தடுத்து வந்த பல்புகள் எல்லாம் ஒரே கோளாறோடு ஒரே பெட்டியில் விழுந்திருந்தால், மேலே உள்ள மூன்று நிரல்களுமே பொய்.

பாய்சான் ஈருறுப்பை ஒட்டியே வருகிறது. ஈருறுப்பின் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 1.96, பாய்சானுக்கு 2, வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் இயல்நிலை நிரலைக் கவனியுங்கள். ‘4 அல்லது அதற்கு மேல்’ என்ற வரியில் அது பாய்சானைவிடவும் நெருங்கி வருகிறது. இதைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது தற்செயல். மூன்று பழுதுகளுக்கு 0.18 இருக்க வேண்டிய இடத்தில் 0.22 என்கிறது. ஏழு அல்லது அதற்கு மேல் என்று கேட்டால் உண்மையில் ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டுகிறது. போதாக்குறைக்கு, பூஜ்யத்துக்கும் கீழே, அதாவது பெட்டியில் ‘மைனஸ்’ பழுதுகள் இருப்பதற்கு, 0.037 ஒதுக்கிவைத்திருக்கிறது! தரக் கட்டுப்பாட்டில் கேட்கப்படும் கேள்வியோ பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும்: இத்தனை மோசமான பெட்டி எப்போதாவது வருமா என்பதுதான் அங்கே கவலை. அந்த ஓரத்தில்தான் இயல்நிலை கைவிடுகிறது.

இயல்நிலைக்கு ஏற்ற களம் வேறு. 100 தடவை நாணயம் சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ, ஈருறுப்பில் 0.0284. சராசரி 50, திட்ட விலக்கம் 5 என்று வைத்து 59.5-இலிருந்து கணக்கிட்டால் இயல்நிலையில் 0.0287. அரை எண்ணை மறந்து 60-இலிருந்தே தொடங்கினால் 0.0228 ஆகிவிடும்; மதிப்பெண் பறிபோகும் இடம் இதுதான். பாய்சானை இங்கே கொண்டுவந்தால் விடை சுமார் 0.09, மும்மடங்குக்கும் மேல். நிகழ்தகவு பாதியாக இருக்கும் இடத்தில், பாய்சானுக்கு வேண்டிய ‘அரிய நிகழ்ச்சி’ என்ற பேச்சுக்கே இடமில்லையே. எதிர்பார்க்கும் வெற்றிகளும் தோல்விகளும் தலா ஐந்தையாவது தாண்ட வேண்டும் என்பது இயல்நிலைக்கான வழக்கமான விதி. பல்புக் கணக்கில் பழுதுகள் இரண்டுதான். அங்கே அதைத் தொட்டிருக்கவே கூடாது. கணிதவியலாளர் டி மோவர் 1733-இல் இந்தத் தோராயத்தைக் கண்டது பெரிய எண்களின் அடுக்குகளைக் கையால் பெருக்கும் வேதனையிலிருந்து தப்பிக்கத்தான்.

அந்த வேதனை இப்போது இல்லை. 0.98-ஐ நூறு தடவை பெருக்கக் கைப்பேசியே போதும். எனவே ஈருறுப்புக்குப் பதிலாளாகப் பாய்சானை அழைக்கும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது என் கட்சி. கணிப்பான் இல்லாத தேர்வறை மட்டும் விதிவிலக்கு. கேள்வியின் வாலில் 2.718-இன் அடுக்கு −2 என்பதன் மதிப்பு 0.1353 என்று கொடுத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், கேட்பது பாய்சான்தான்.

ஆனால் பாய்சானுக்குச் சொந்தக் காலில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. முயற்சிகள் எத்தனை என்று எண்ணவே முடியாத இடம் அது. 1898-இல் புள்ளியியலாளர் லாடிஸ்லாவுஸ் போர்ட்கிவிச் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை எடுத்து வெளியிட்டார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். இறப்புகள் 122, சராசரி 0.61. ஒருவரும் இறக்காத பதிவுகள் 109. பாய்சான் சொல்வது 108.7. ஓர் இறப்பு 65, பாய்சானில் 66.3. இரண்டு இறப்புகள் 22, பாய்சானில் 20.2. மூன்று இறப்புகள் 3 பதிவுகளில், நான்கு ஒன்றில். இந்தக் கணக்கை ஈருறுப்பில் போட முயன்றால் முதல் அடியிலேயே நின்றுவிடுவோம்: ஓர் ஆண்டில் வீரர்கள் குதிரையின் பின்னால் எத்தனை தடவை போனார்கள்? யாருக்குத் தெரியும்! தெரியவும் வேண்டாம், சராசரி வீதம் போதும். பாய்சானில் சராசரியும் பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும். இங்கே பரவற்படி 0.608. அவர் முதலில் திரட்டியது 14 படைப்பிரிவுகளின் விவரம். அமைப்பில் மாறுபட்ட நான்கை ஒதுக்கிய பிறகு கிடைத்தவையே இந்த 200 பதிவுகள். வீதம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாய்சானைத் தொட வேண்டும்.

பெட்டி சிறியது, எடுத்ததைத் திருப்பி வைப்பதில்லை என்றால் ஈருறுப்பும் தவறும். 10 பல்புகளில் 3 பழுது; மூன்றை எடுத்தால் மூன்றும் நல்லவையாக இருக்க ஈருறுப்பு 0.343 என்கிறது. சரியான விடை 120-இல் 35, அதாவது 0.2917. இதற்கான ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் பெயரில்தான் மிரட்டும். உள்ளே இருப்பது பள்ளியில் படித்த சேர்மானம்தான்.

எத்தனை என்று கேட்காமல் எவ்வளவு நேரம் என்று கேட்டால் அடுக்குக்குறிப் பரவல். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அழைப்பு சீரான வீதத்தில் வரும் தொலைபேசியில், 15 நிமிடம் அழைப்பே வராதிருக்க இது தரும் விடை 0.2231. சராசரி 1.5 கொண்ட பாய்சானில் பூஜ்யத்தின் நிகழ்தகவும் அதே 0.2231, இரண்டில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண். ஏற்கெனவே 10 நிமிடம் அழைப்பின்றிக் கழிந்துவிட்டது, இன்னும் 15 நிமிடம் அப்படியே கழிய வாய்ப்பு என்ன என்று கேட்டாலும் விடை 0.2231 தான்.