100 லிட்டர் பவளத் தொட்டி: புதுச்சேரி வீட்டில் மூன்று ஆண்டு அனுபவம்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 2022 ஜனவரியில் இந்தத் தொட்டியை அமைத்தேன். கடற்கரை அருகிலேயே இருப்பதால் நீருக்குச் செலவிருக்காது என்று எண்ணியிருந்தேன். ஆனால் அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் வைத்திக்குப்பம் கரையில் எடுத்த நீரின் உப்பளவு, ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய இடத்தில் 28 மட்டுமே இருந்தது. அன்று முதல் ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே பயன்படுத்துகிறேன். தொட்டிக்குள் அடுக்கிய கற்களில் நுண்ணுயிர்கள் குடியேறி, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க ஏழு வாரங்கள் ஆயின. அதுவரை மீன் எதையும் விடவில்லை.

நம் ஊரில் முதல் எதிரி வெப்பம்தான். பவளத்துக்கு 26 டிகிரி போதும் என்றாலும், சித்திரையில் தொட்டி நீர் 31ஐத் தொட்டது. நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சிறிய மின்விசிறிகளைப் பொருத்தியதும் மூன்று டிகிரி குறைந்தது. கடற்காற்றில் ஈரம் மிகுந்த இரவுகளில் இப்பலன் குறையும். விசிறி குளிர்விப்பதே நீரை ஆவியாக்கித்தான் என்பதால், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் போய்விடுகிறது, உப்போ தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. உறவினர் திருமணத்துக்காக நான்கு நாள் வெளியூர் சென்று திரும்பியபோது உப்பளவு 38 ஆகியிருந்தது. பூப்போல விரியும் சிறு பவள வகையான ஜோவாந்திட்கள் அனைத்தும் மூடிக் கிடந்ததைக் கண்டு மனம் பதறியது. இப்போது மிதவை வால்வு ஒன்று நன்னீரைத் தானே சேர்க்கிறது. அறைக்குள்ளேயே வெப்பத்தைத் தள்ளும் ‘சில்லர்’ என்ற நீர்க்குளிரூட்டும் கருவியைவிட, விசிறியும் வால்வும் சேர்ந்த இந்த ஏற்பாடே சிறு தொட்டிக்கு ஏற்றது என்பது என் முடிவு.

கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே நண்பர் ஒருவர் தம் தொட்டியில் வளர்த்துப் பிரித்துத் தந்த, கல் பவளம் அல்லாத காளான் பவளங்களையும் ஜோவாந்திட்களையும் மட்டுமே வைத்திருக்கிறேன். அவற்றுடன் வளர்ப்புப் பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் உள்ளன.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் முப்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. மழைக்குளிரால் வெப்பம் ஏறவில்லை. நீரோட்டம் நின்றால் ஆக்சிஜன் குறையும் என்பதே கவலை. இன்வெர்ட்டரில் ஒரு சுழற்சிப் பம்பை மட்டும் ஓட்டி, அது தீர்ந்தபின் பேட்டரி ஏர் பம்பை மாட்டினேன். தொட்டியிலிருந்த இறால் ஒன்று இறந்தது. இரண்டாம் நாள் மாலை விளக்கெரிந்தபோது கோமாளி மீன்கள் இரண்டும் தம் வழக்கமான மூலையிலேயே இருந்தன.